கேழ்வரகிலும் செய்யலாம் சாக்லேட் சிப் குக்கீஸ்: உடையாமல் வர என்ன வழி?

ஹனூர்: கர்நாடகத்தின் ஹனூர் பகுதியில் களியாக உண்ணப்படும் கேழ்வரகைக் கொண்டு சாக்லேட் சிப் குக்கீஸும் வீட்டிலேயே தயாரிக்கலாம்.

1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டு உருவாக்கிய இப்பண்டம், பொதுவாக மைதாவில் செய்யப்படுகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கும் அதிகமான கால்சியம் உள்ளது; மைதாவில் இது மிகக் குறைவு. எனினும், மாவைப் பிணைக்கும் குளூட்டன் புரதம் கேழ்வரகில் இல்லாததால் குக்கீஸ் எளிதில் உடைந்துவிடும்.

இதைத் தவிர்க்க, 100 கிராம் கேழ்வரகு மாவை மணம் வரும் வரை வறுத்து ஆறவைத்து, 50 கிராம் கோதுமை மாவும் அரை தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்க்க வேண்டும். 75 கிராம் வெண்ணெயுடன் அதே அளவு நாட்டுச்சர்க்கரையைக் குழைத்து, மாவு, 50 கிராம் சாக்லேட் சிப்ஸ், சிறிது பால் சேர்த்துப் பிசைய வேண்டும்.

பிசைந்த மாவை அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வெண்ணெய் இறுகும். அடுப்பில் குக்கீஸ் பரவி ஓடாது. 170 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடங்கள் போதும். வெளியே எடுக்கும்போது மென்மையாக இருப்பவை, தட்டிலேயே 10 நிமிடங்கள் ஆறியதும் உறுதியாகும்.

சிப்ஸ் உறையில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு குறிப்பிடப்பட்டிருந்தால், அது 'காம்பவுண்ட்' வகையாகும்.

கேழ்வரகில் செய்தாலும் இது இனிப்புப் பண்டமே. நீரிழிவு நோயாளிகளுக்கு நாட்டுச்சர்க்கரை மாற்றாகாது. கோதுமை சேர்வதால், குளூட்டன் ஒவ்வாதவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.