புது வண்டி, பழைய மலை

கொல்லிமலைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். எழுபதாவது எண்ணைப் பார்த்த சிறிது நேரத்தில் சோளக்காடு வந்துவிடும். அதற்குள் பாதிப் பேருக்குத் தலை சுற்றியிருக்கும். மீதிப் பேர் ஓட்டுநரின் கைகளையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் சோளக்காட்டுத் தேநீர்க் கடை ஒன்றில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். இராணுவத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னர் வண்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தப் பயிற்றுநராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். புதிய இராணுவ வண்டிகளை ஓட்டப் படைவீரர்களுக்குக் கற்றுத் தருவதுதான் அவருடைய வேலை.

“படைவீரர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா ஐயா? அவர்களுக்கு நீங்கள் எதைக் கற்றுத் தருவீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “ஓட்டத் தெரியும் சார். அதுதான் தொந்தரவே. பழைய வண்டி நல்லாத் தெரிஞ்சவன்தான் புது வண்டியைக் கவுக்கிறான்” என்றார்.

இயற்பியல் ஆசிரியனான எனக்கு அந்த வாக்கியம் ஒரு முழுப் பாடமாகத் தோன்றியது. அதைத்தான் இங்கே உங்களுடன் சேர்ந்து பார்க்கப் போகிறேன்.

ஏன் ஒரு தனி ஆசிரியர்?

இராணுவ வண்டி என்றால் ஒரே வகை அல்ல. ஜீப் உண்டு, லாரி உண்டு, கவச வண்டி உண்டு, டாங்கி உண்டு. நம் தமிழ்நாட்டிலேயே சென்னைக்கு அருகில் ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா என்ற டாங்கி வெளிவந்தது. அதன் பிறகு டி-72, டி-90, அர்ஜுன் என்று வரிசையாக வந்தன. அர்ஜுனின் எடை 58 டன்னுக்கும் மேல். அதன் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ, 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த விழாவில் படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

லாரியைத் திருப்ப ஸ்டியரிங்கைச் சுற்றுகிறோம். டி-72 டாங்கியில் ஸ்டியரிங் சக்கரமே கிடையாது. ஓட்டுநரின் இருபுறமும் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். இடது நெம்புகோலை இழுத்தால் இடப்பக்கச் சங்கிலிப் பட்டையின் வேகம் குறையும். வலப்பக்கப் பட்டை அதே வேகத்தில் போகும். எனவே டாங்கி இடப்பக்கம் திரும்பும். பத்து ஆண்டுகள் லாரி ஓட்டியவரும் இங்கே முதல் வகுப்பு மாணவரே.

ஆகவே புதிய வண்டியைச் செய்து கொடுக்கும் நிறுவனம், அதை ஓட்டவும் பேணவும் கற்றுத் தருவதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். இதற்குப் பெரும்பாலும் ஓய்வு பெற்ற படைவீரர்களையே தேடுவார்கள். முதலில் இராணுவத்தின் பயிற்றுநர்களுக்குக் கற்றுத் தருவார்கள். அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுத் தருவார்கள். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகளை ஏற்றுவது போன்றது இது.

உயரத்தில் ஒரு பாதுகாப்பு, உயரத்தில் ஓர் ஆபத்து

நம் பெரியவர் கற்றுத் தந்தது கண்ணிவெடியைத் தாங்கும் கவச வண்டியை. அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அவர் சொன்னது விளங்கும்.

சாதாரண வண்டியின் அடிப்பாகம் தட்டையானது. கீழே வெடி வெடித்தால் அதன் முழு வேகமும் அந்தத் தட்டையான பரப்பில் செங்குத்தாக மோதும். அடிப்பாகத்தைப் படகின் அடியைப் போலக் கூம்பலாக அமைத்தால் என்ன ஆகும்? வெடியின் வேகத்தில் பெரும்பகுதி இரு பக்கமும் சரிந்து வெளியேறும். அத்துடன் வண்டியின் அடியைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்தால், வெடிக்கும் வண்டிக்கும் இடையே தூரம் கூடும். தூரம் கூடினால் தாக்குதல் குறையும். தென்னாப்பிரிக்காவில் 1970-களின் இறுதியில் உருவான காஸ்பிர் என்ற வண்டி இந்த முறையில் அமைந்தது. அதன் எடை ஏறத்தாழ 11 டன். இந்திய இராணுவமும் அதை வாங்கிப் பயன்படுத்தியது. பின்னர் மேடக் படைக்கலத் தொழிற்சாலையில் ஆதித்யா என்ற கண்ணிவெடி தாங்கும் வண்டி நம் நாட்டிலேயே செய்யப்பட்டது.

உயரமான அடிப்பாகம் உயிரைக் காக்கிறது. ஆனால் அதே உயரத்தால் வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே போய்விடுகிறது. மேலே கவசம், அதற்கும் மேலே துப்பாக்கி மேடை. ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரிகள் வளைவில் எவ்வளவு நிதானமாகத் திரும்புகின்றன என்று கவனித்திருப்பீர்கள். காரணம் இதுவேதான்.

செய்து பாருங்கள்

மூன்று காலித் தீப்பெட்டிகளைப் படுக்கை வாட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுங்கள். ஓர் அட்டையின் மேல் அதை வைத்து, வழுக்காமல் இருக்க நீளமான பக்கத்தை ஒட்டி ஒரு தீக்குச்சியைப் பசையால் ஒட்டிவிடுங்கள். அந்தப் பக்கம் தாழும்படி அட்டையின் எதிர்ப்பக்கத்தை மெதுவாக உயர்த்துங்கள். இப்போது கீழ்ப் பெட்டியில் ஐந்து நாணயங்களைப் போட்டு, எவ்வளவு சாய்வில் கவிழ்கிறது என்று கோணமானியால் அளந்து கொள்ளுங்கள். பிறகு அதே நாணயங்களை மேல் பெட்டிக்கு மாற்றி மறுபடி செய்யுங்கள். எடை மாறவில்லை, அகலம் மாறவில்லை. ஆனாலும் ஏறத்தாழப் பாதிச் சாய்விலேயே கவிழ்ந்துவிடும்.

விதி எளியது. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோடு அடிப்பரப்புக்குள் விழும்வரை பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும்.

வழுக்குவதும் கவிழ்வதும்

சாய்ந்த பலகை போகட்டும். தட்டையான சாலையில் திரும்பும்போது வண்டி ஏன் கவிழ வேண்டும்? திரும்பும் வண்டிக்கு வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை தேவை. அந்த மையநோக்கு விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. இது கீழே, டயரில் செயல்படுகிறது. வண்டியின் பொருண்மையோ மேலே, ஈர்ப்பு மையத்தில் திரண்டிருப்பதுபோல் நடந்துகொள்கிறது. கீழே இழுக்கப்படுகிறது, மேலே நேராகப் போக முயல்கிறது. அதனால் வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது.

சோளக்காட்டு வளைவு ஒன்றை 10 மீட்டர் ஆரம் உள்ளதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்போம். வழுக்கத் தொடங்கும் வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் குணகம் × ஈர்ப்பு முடுக்கம் × ஆரம். அதாவது 0.7 × 10 × 10 = 70. வேகம் நொடிக்கு 8.4 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ.

கவிழத் தொடங்கும் வேகத்தையும் இதே முறையில் காணலாம். உராய்வுக் குணகத்துக்குப் பதிலாக ஒரு விகிதத்தைப் போட வேண்டும். இடவலச் சக்கரங்களின் இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவதே அந்த விகிதம். ஜீப்பில் பாதி இடைவெளி 0.7 மீட்டர், உயரமும் 0.7 மீட்டர் என்று கொண்டால் விகிதம் 1. கவிழும் வேகம் மணிக்கு 36 கி.மீ. உயரமான கவச வண்டியில் பாதி இடைவெளி 1 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 2 மீட்டர் என்று கொண்டால் விகிதம் 0.5. கவிழும் வேகம் மணிக்கு 25 கி.மீ.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 25, 30, 36. ஜீப் 36-இல் கவிழ வேண்டும். ஆனால் அதற்கு முன்பே 30-இல் வழுக்கிவிடும். டயர் கிறீச்சிடும், வண்டி நழுவும், ஓட்டுநர் பயந்து வேகத்தைக் குறைப்பார். வழுக்கல் ஓர் எச்சரிக்கை மணி. கவச வண்டியோ 25-லேயே கவிழ்கிறது. 30 வரை அது போகவே இல்லை. ஆகவே மணி அடிப்பதே இல்லை!

ஜீப்பில் பல ஆண்டுகள் 28 கி.மீ. வேகத்தில் அதே வளைவைத் திரும்பிய ஓட்டுநரின் கையும் காலும் அந்த வேகத்துக்குப் பழகியிருக்கும். டயர் சத்தம் போடாதவரை எல்லாம் சரி என்று அவர் நம்புவார். பொருளுக்கு நிலைமம் இருப்பது போலப் பழக்கத்துக்கும் ஒரு நிலைமம் உண்டு. பெரியவர் சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

பின்சக்கரம் எங்கே போகிறது?

வளைவில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை. முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் என்று கொள்வோம். பிதாகரஸ் தேற்றப்படி பின்சக்கரத்தின் ஆரம், 100-லிருந்து 16-ஐக் கழித்து வரும் 84-இன் வர்க்கமூலம். அது ஏறத்தாழ 9.2 மீட்டர். அதாவது பின்சக்கரம் 80 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் போகிறது. அந்த 80 சென்டிமீட்டரில் கெட்டியான சாலை இல்லாமல் இளகிய மண் ஓரம் இருந்தால்? பல டன் எடை அதை அமிழ்த்தும், வண்டி சாயும். கவச வண்டியின் தடித்த சிறு கண்ணாடி வழியே ஓட்டுநருக்கு அந்த ஓரம் தெரியவும் தெரியாது. அதனால்தான் குறுகலான இடங்களில் ஒருவர் இறங்கி முன்னே நின்று கைச்சைகை காட்டுவது படைகளில் கட்டாயமான பழக்கம்.

இறங்குவதே கடினம்

மலையில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் திறமை வேண்டும். 10 டன் வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அது இழக்கும் நிலையாற்றல் 10,000 × 10 × 1,000, அதாவது 10 கோடி ஜூல். இந்த ஆற்றல் வெப்பமாக மாறியே தீர வேண்டும். 340 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இவ்வளவையும் பிரேக்கின் மேல் போட்டால் பிரேக் டிரம் சூடேறி விரியும். உராய்வுப் பட்டையின் பிடிப்பு குறையும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

இதற்கு வழி என்ன? ஏறும்போது எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றுகின்றன. எஞ்சினின் தடை வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. வெப்பத்தில் பெரும்பங்கு எஞ்சின் வழியாகவே வெளியேறுகிறது. நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது.

கவிழ்ந்தால்?

2007-இல் அமெரிக்கா கண்ணிவெடி தாங்கும் வண்டிகளை ஆயிரக்கணக்கில் வேகவேகமாக ஈராக்குக்கு அனுப்பத் தொடங்கியது. வெடிகளால் ஏற்பட்ட உயிரிழப்பு குறைந்தது. ஆனால் வண்டிகள் கவிழ்வது ஒரு புதிய தலைவலியாக முளைத்தது. சாலையோரம் இடிந்தும், வாய்க்கால்களில் சரிந்தும் கவிழ்ந்தன. டெக்சாஸ் மாநிலத்தின் ரெட் ரிவர் படைக்கலக் கிடங்கில் இவ்வண்டிகளுக்கென்றே ஒரு பயிற்சி மையம் நடத்தப்பட்டது. வண்டியின் உடற்கூட்டை ஓர் அச்சில் பொருத்தி, வீரர்களை உள்ளே உட்காரவைத்து, ராட்டினம்போல் தலைகீழாகச் சுழற்றும் கருவியும் வந்தது. தலைகீழாகத் தொங்கும்போது எதுவும் இருந்த இடத்தில் இருக்காது. கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிடும். ஒரு கையைக் கூரையில் ஊன்றிய பிறகே இருக்கைப் பட்டையைக் கழற்ற வேண்டும். இல்லையெனில் தலை மோதும். புத்தகத்தில் படித்தால் இது நினைவில் நிற்காது. ஒரு முறை தொங்கிப் பார்த்தால் மறக்காது.

பெரியவரிடம், “உங்கள் முதல் வகுப்பு எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

“முதல் நாள் எஞ்சினையே கிளப்ப விடமாட்டேன் சார். வண்டியைச் சுத்தி நடக்கச் சொல்வேன். எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், எது கண்ணுக்குத் தெரியும், எது தெரியாதுன்னு எழுதச் சொல்வேன். ‘இந்த வண்டி எங்கே கவிழும்?’னு கேட்பேன். பதில் சொன்னவனுக்குத்தான் சாவி.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தம் இளமையில் வடக்கே ஒரு மலைப்பாதையில் தாம் உட்கார்ந்திருந்த வண்டி கவிழ்ந்ததைச் சொன்னார். வேகம் அதிகமில்லை. மேல்துவாரத்தில் நின்றுகொண்டிருந்தவர் அவருடைய கூட்டாளி. வண்டி சாயும்போது அவரை உள்ளே இழுக்க வேண்டும் என்று யாருக்கும் அன்று தோன்றவில்லை. அப்படி யாரும் அவர்களுக்குப் பழக்கியிருக்கவும் இல்லை. “இன்னைக்கு என் பசங்ககிட்ட அதைத்தான் நூறு தடவை செய்யச் சொல்றேன். ‘கவுறுது’ன்னு ஒருத்தன் கத்தணும், பக்கத்துல இருக்கிறவன் மேலே நிக்கிறவன் இடுப்பைப் பிடிச்சு உள்ளே இழுக்கணும். சலிச்சுக்குவாங்க. சலிச்சுக்கட்டும்” என்றார்.

தேநீரைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர் முதல் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்தார். எஞ்சின் உறுமியது. என் பக்கத்தில் இருந்த சிறுவன், “ஏன் சார் இவ்வளவு மெதுவாப் போறாரு?” என்று கேட்டான். அடிவாரம் வரும் வரை அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முடிவாக உங்களுக்கு ஒரு கேள்வி. மழை பெய்து சாலை நனைந்துவிட்டது. உராய்வுக் குணகம் 0.3 ஆகக் குறைந்துவிட்டது. அதே 10 மீட்டர் வளைவில் நம் கவச வண்டி முதலில் வழுக்குமா, கவிழுமா? எந்த வேகத்தில்? நழுவிப் போகும் வண்டியின் சக்கரம் சாலையோரக் கல்லில் இடித்தால் பிறகு என்ன ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.