தெளிந்த நீரும் திரிந்த மீன்களும்

நீர் தெளிந்திருப்பின் அது தூயது என்று கொள்ளுதல் மக்கள் இயல்பு. நாற்றமும் கலங்கலும் நீங்கியபின் ஐயமும் நீங்கிவிடுகின்றது. இங்கிலாந்தின் நகரக் கழிவுநீர், சுத்திகரிப்பு நிலையங்களிலே அடைய விடப்பட்டு, பற்றீரியாக்களாற் சிதைக்கப்பட்டு, தெளிவடைந்த பின்னரே பெரும்பாலும் ஆறுகளிற் சேர்கின்றது. அத்தெளிந்த நீரில் வாழ்ந்த மீன்களிடத்துக் காணப்பட்ட ஒரு மாற்றமே இக்கட்டுரையின் பொருளாகும்.

இலண்டனுக்கு வடக்கிலிருந்து வந்து தேம்சு நதியிற் கலப்பது லீ என்னும் ஆறு. 1970களின் இறுதியில், அங்குள்ள சுத்திகரிப்பு நிலையக் குட்டைகளிற் பிடிபட்ட றோச் மீன்கள் சிலவற்றில் ஆண், பெண் என்னும் இரண்டன் கூறுகளும் ஒருங்கே இருத்தலைத் தூண்டிற்காரர் கண்டனர். றோச், கெண்டைக் குடும்பத்தைச் சார்ந்த நன்னீர் மீன். இயல்பாகவே பால் மாறும் மீனினங்கள் கடலிற் பலவுள, றோச் அத்தகையதன்று. ஆண் மீனின் விதையை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, விந்து உண்டாகும் இழையத்தினிடையே முட்டைக்கலங்கள் தோன்றின.

காரணம் நீரிலேதான் உளதோ என்று அறிய ஆராய்ச்சியாளர் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். நிலையங்களிலிருந்து வெளிவரும் நீரில், கூடுகளில் அடைத்த வானவில் திரௌட் மீன்களைச் சில வாரம் வைத்தனர். (நுவரெலியா மலையோடைகளில் ஆங்கிலேயர் கொணர்ந்து விட்ட அதே மீன்தான் இது.) பெண் மீனின் சூலகம் ஈஸ்திரடயோல் என்னும் ஓமோனைச் சுரக்கும், அது குருதி வழியே ஈரலை அடைந்து, முட்டையின் மஞ்சட் கருவுக்கு வேண்டிய விற்றலோசெனின் என்னும் புரதத்தை ஆக்குமாறு ஏவும். அதனை ஆக்கும் ஆற்றல் ஆண் மீனின் ஈரலுக்கும் உண்டு. ஏவுவார் இன்மையால் அது வாளாவிருக்கின்றது. கூட்டில் வைத்த மீன்களின் குருதியில் இப்புரதம், இடத்துக்கேற்ப, 500 மடங்கு முதல் 1,00,000 மடங்கு வரை மிகுந்தது. இம்முடிவு 1994இல் வெளியாயிற்று. ஆற்றுநீரில் ஏதோ ஒன்று பெண் ஓமோனைப் போல நடித்தது என்பது ஐயமற விளங்கியது.

அவ்வொன்று யாது? முதலில் யாவரும் கருத்தடை மாத்திரையையே சுட்டினர். வேறொரு சான்றும் அக்காலத்திற் கிடைத்தது. அமெரிக்காவில் ஆனா சோட்டோ, கார்லோசு சொனன்சைன் ஆகிய இருவரும், தம் ஆய்வுகூடப் பிளாத்திக்குக் குழாய்களிலிருந்து கசிந்த நோனைல்பீனோல் என்னும் பொருள் பெண் ஓமோன் போலத் தொழிற்படுதலைத் தற்செயலாகக் கண்டு 1991இல் வெளியிட்டனர். தொழிற்சாலைச் சவர்க்காரப் பொருள்கள் சில சிதைந்தாலும் இது உண்டாகும். கம்பளி கழுவும் ஆலைகளையுடைய ஏர் ஆற்றில் இதுவே பெருங்குற்றவாளி எனப்பட்டது. ஆயின், வீட்டுக் கழிவுநீரைப் பெரும்பாலும் ஏற்ற நிலையங்களின் நீரைக் கூறு கூறாகப் பிரித்து ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவோ எதிர்பாராதது. அங்கே முதன்மையாக இருந்தவை ஈஸ்திரடயோலும் ஈஸ்திரோனும். இவை மனித உடலே ஆக்கி வெளியேற்றுபவை. சில இடங்களில் மாத்திரையிலுள்ள எதினைல் ஈஸ்திரடயோலும் இருந்தது.

இங்கு ஒரு வினா எழும். உடல் இவ்வோமோன்களை வெளியேற்றுமுன், ஈரல் அவற்றோடு வேறொரு மூலக்கூற்றைப் பிணைத்துச் செயலறச் செய்கின்றதே. ஆற்றில் அவை உயிர்பெற்றது எங்ஙனம்? சாக்கடையிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் உள்ள பற்றீரியாக்கள் அப்பிணைப்பை அறுத்துவிடுகின்றன. நீரைத் தூய்மையாக்க நாம் நம்பும் நுண்ணுயிர்களே ஓமோனை விடுவிக்கின்றன. எதினைல் ஈஸ்திரடயோலின் செய்தி இன்னும் வியப்புடையது. 1938இல் பேர்லினில் ஆக்கப்பட்ட இப்பொருளின் சிறப்பே, வாய்வழி உட்கொண்டாலும் ஈரலால் எளிதிற் சிதைக்கப்படாமைதான். மருந்துக்குக் குணமாய் அமைந்த அவ்வுறுதியே ஆற்றுக்குக் குற்றமாயிற்று.

கலைப் பட்டதாரியாகிய யான் கீழ்வகுப்புகளுக்கு விஞ்ஞானமும் கற்பிக்க நேர்ந்த காலத்தில், நஞ்சை நீர்விட்டு ஐதாக்கினால் தீமை குறையும் என்று தயங்காது கூறியதுண்டு. பெரும்பாலான நஞ்சுகளுக்கு அது பொருந்தும். ஓமோனோ நஞ்சைப்போலக் கலத்தை எரிப்பதன்று. கலத்திலுள்ள வாங்கியிற் பொருந்திக் கட்டளை தருவது. கட்டளைக்கு மிகச் சிறிதளவே போதும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 260ஆம் இலக்க ஏரியில், கரன் கிட் என்பாரும் உடனாய்ந்தோரும் 2001 முதல் 2003 வரை எதினைல் ஈஸ்திரடயோலைக் கலந்து வந்தனர். அளவு, இலீற்றருக்கு 5 முதல் 6 நனோகிராம். ஒரு கிலோமீற்றர் நீளமும் அரைக் கிலோமீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் ஆழமுமுள்ள குளமொன்றில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு. ஏரியிலிருந்த சிறு மின்னோ மீன்களின் ஆண்களில் விதைகள் வளர்ச்சி குன்றின. புதிய குஞ்சுகள் தோன்றவில்லை. குறுகிய ஆயுளுடைய அம்மீனினம் ஏரியில் அற்றுப்போகும் நிலையை எய்தியது. அவற்றை உண்ட ஏரித் திரௌட் மீன்களும் குறைந்தன. ஓமோன் கலத்தலை நிறுத்திய சில ஆண்டுகளில் மின்னோக்கள் மீண்டும் பெருகின என்பது ஆறுதலான செய்தி.

இங்கிலாந்தின் நிலை இவ்வளவு தெளிவானதன்று. 1998இல் சூசன் யோப்லிங், யோன் சம்ப்ரர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், ஏர், நென் ஆறுகளில் நிலையங்களுக்குக் கீழே பிடித்த ஆண் றோச் மீன்கள் அனைத்தும் இருபாற் கூறுடையனவாயிருந்தன. மாற்றம் மிக்க ஆண்கள் தந்தையாகும் வாய்ப்பு மிகக் குறைவு என 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனினும் றோச் மீன்கள் அவ்வாறுகளில் அழியவில்லை. கழிவுநீர் மிகுந்த ஆறுகளிலும் அவை தம்மினத்தைத் தாமே நிலைநிறுத்தி வருகின்றன என 2014இல் மரபணுச் சான்று வெளியாயிற்று. இதனைக் கொண்டு தீமை இல்லை என வாதிப்போர் உளர். அவ்வாதம் எமக்கு உடன்பாடன்று. இனம் எஞ்சியிருத்தல் வேறு, நலமுடன் இருத்தல் வேறு. எஞ்சிய சில ஆண்களே தந்தையராகும் இனம் பின்வரும் நோய்க்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்குமா என்பதே கேட்கத்தக்கது.

நோனைல்பீனோலை ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டுக் கட்டளையாற் பெரிதும் விலக்கியது. ஆலைப்பொருளை விலக்கல் எளிது. மனித உடல் ஆக்கும் ஓமோனைச் சட்டத்தால் விலக்குதல் இயலாது. எனவே சுவிற்சர்லாந்து வேறு வழியை மேற்கொண்டது. நூறளவான பெரிய நிலையங்களில் ஓசோனாலோ உயிர்ப்பூட்டிய கரியாலோ நீரை மேலும் ஒருமுறை சுத்திசெய்வதென முடிவுசெய்து, அதற்கென 2016 முதல் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 9 பிராங்குக்கு மேற்படாத வரியை விதித்தது. ஏனைய நாடுகள் செலவைக் கணக்கிட்டுத் தயங்குகையில், அச்சிறு நாட்டு மக்கள் இதனை மனமுவந்து ஏற்றனர்போலும்.