ஊரின் பெயரும் உணவின் உரிமையும்

ஓர் உணவு ஊரின் பெயரைத் தாங்கி வழங்குவது பழைய வழக்கம். அப்பெயரைச் சட்டத்தால் காப்பது அண்மைக்கால ஏற்பாடு. ஒரு பொருளின் தரமோ, நற்பெயரோ, பிற இயல்போ அது பிறந்த இடத்தையே முதன்மையாகச் சார்ந்திருக்குமாயின், அவ்விடத்தைச் சுட்டும் பெயரை உலக வணிக அமைப்பின் உடன்பாடு புவிசார் குறியீடு என ஏற்கிறது. மலேசியாவில் 2000ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு வழிவகுத்தன. சரவாக் மிளகும் சபா தேயிலையும் இவ்வாறு பதிவு பெற்றவை.

நம் பேராக் மாநிலத்தில் சிந்தனைக்குரிய எடுத்துக்காட்டு ஈப்போ, புந்தோங்கின் காச்சாங் பூத்தே. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் வளர்த்த தொழில் இது. கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா எனப் பலவகைப் பண்டங்கள் அங்கே உருவாகின்றன. குடியிருப்பே அத்தொழிலின் பெயரால் வழங்குகிறது.

அதே எட்டயபுரத்துக்கு அண்மையிலுள்ள கோவில்பட்டியின் கடலைமிட்டாய் 2020இல் இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்றது. சுவை மட்டும் அதனைப் பெற்றுத் தரவில்லை. உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டனர்; கரிசல் நிலத்துக் கடலை, வெல்லம், செய்முறை, ஊர் எல்லை, தொழிலின் வரலாறு ஆகியன எழுத்தில் வைக்கப்பட்டன. எழுதப்பட்டதையே சட்டம் காக்க இயலும்.

புந்தோங்குக்கு இவ்வழி பொருந்துமா? 'காச்சாங் பூத்தே' என்பது நாடெங்கும் வழங்கும் பொதுப்பெயர். பொதுப்பெயரை எவரும் தமதாக்க இயலாது. ஊர்ப்பெயரோடு இணைந்த பெயருக்கே உரிமை கோரலாம். மூலப்பொருள் வெளியிலிருந்து வருவது தடையாகுமா எனின், ஐரோப்பிய ஒன்றியத்தின் மூவகை முத்திரைகள் தெளிவு தருகின்றன. முதல்வகைக்கு எல்லாப் படிநிலைகளும் அவ்வூரிலேயே நிகழவேண்டும். இரண்டாம் வகைக்கு ஒரு படிநிலையேனும் அங்கு நிகழ்ந்தால் போதும். மூன்றாம் வகை இடத்தைக் கேளாது, மரபான செய்முறையை மட்டுமே கேட்கும்; நாப்போலிப் பீட்சா 2010இல் பெற்றது இதனையே. புந்தோங்கின் பண்டம் இரண்டாம் வகையை ஒத்தது: அதன் வலிமை மண்ணில் அன்று, கைத்திறனிலும் நற்பெயரிலும் உள்ளது.

தோட்டத்து உணவுகளின் நிலை வேறு. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டபின், லயத்து வீடுகளில் வாழ்ந்தோர் பல ஊர்களுக்குச் சிதறினர். ஊர் கலைந்தபின் ஊர்ப்பெயருக்கு உரிமை கோருவோர் யார்? அவ்வுணவுகளுக்கு மரபுரிமை வழியே எஞ்சுகிறது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் நம்மிடம் உண்டு. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவற்றைக் கொண்ட மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை 2024இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் அத்தகைய பட்டியல் பெருமை சேர்க்குமேயன்றி, பெயரைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்காது.

முத்திரைக்கு விலையும் உண்டு. செய்முறை எழுதப்பட்டதும் அது செய்வோரையும் கட்டுப்படுத்தும். எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் கைத்திறனாளர் உரிமையிழப்பர். ஆதலின் எதனை எழுதுவது, எவரைச் சேர்ப்பது என்பதை அத்தொழில் செய்யும் குடும்பங்களே கூடி முடிவு செய்தல் வேண்டும்.

பதிவு நாடினும் நாடாவிடினும், முதற்பணி ஒன்றே: வறுக்கும் பக்குவம், மாவின் அளவு, பண்டங்களின் பெயர்கள், குடும்பங்களின் வரலாறு ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டுத் தமிழில் எழுதிவைத்தல். அது சட்டத்துக்குச் சான்று. சட்டம் துணைநில்லாதபோதும் அடுத்த தலைமுறைக்குச் சொத்து.