‘டு’ போடணுமா, ‘இங்’ போடணுமா? உங்க தமிழ்க் காதே சொல்லும்!

டாக்டர் கேட்கிறார், “டேப்லெட் ஒழுங்கா எடுக்கிறீங்களா?” பக்கவிளைவு பயத்தில் ரெண்டு வாரமா மாத்திரையை நிறுத்தி வெச்சிருக்கீங்க. அதை இங்கிலீஷில் சொல்லிடலாம்னு, “ஐ ஸ்டாப்டு டு டேக் தி டேப்லெட்” என்கிறீர்கள். நீங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘மாத்திரை போட்டுக்கிறதுக்காக, செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினேன்.’ அதாவது, மாத்திரை உள்ளே போயிருக்கு! சொல்ல வேண்டியது, “ஐ ஸ்டாப்டு டேக்கிங் தி டேப்லெட்.”

ஒரே ஒரு ‘டு’தான். விஷயமே தலைகீழாகிவிட்டது.

‘டு டேக்’ என்பது இன்ஃபினிட்டிவ். ‘டேக்கிங்’ என்று பெயர்ச்சொல் மாதிரி வந்தால் ஜெரண்ட். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ரெண்டும் நம்ம தமிழில் ஏற்கெனவே இருக்கு. ‘படிக்க’, ‘போக’, ‘சொல்ல’ என்பதெல்லாம் ஏறக்குறைய இன்ஃபினிட்டிவ். ‘படிப்பது’, ‘போவது’, ‘சொல்வது’ என்ற தொழிற்பெயர்கள் ஏறக்குறைய ஜெரண்ட்.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்க

‘ஊருக்குப் போக ஆசைப்படறேன்’, ‘வர மறுத்துட்டார்’, ‘நீந்தக் கத்துக்கிட்டேன்’. இங்கெல்லாம் போக, வர, நீந்த என்று வருது இல்லையா? இங்கிலீஷிலும் ‘டு’ போடுங்க. வான்ட் டு கோ, ரெஃப்யூஸ்டு டு கம், லேர்ன்ட் டு ஸ்விம். டிசைட், ப்ளான், ஹோப், ப்ராமிஸ், அக்ரீ எல்லாம் இந்தக் கட்சிதான். பெரும்பாலும் இனிமேல் நடக்க வேண்டிய விஷயத்தைச் சொல்பவை.

‘பாட்டு கேட்கிறதை ரசிக்கிறேன்’, ‘காபி குடிக்கிறதை நிறுத்திட்டேன்’, ‘அவர்கிட்ட பேசுறதைத் தவிர்க்கிறேன்’. இங்கே ‘கிறதை’, ‘றதை’ என்று வருது. அப்போ ‘இங்’. என்ஜாய் லிஸனிங், ஸ்டாப்டு ட்ரிங்கிங், அவாய்டு டாக்கிங்.

லைக், லவ், ஸ்டார்ட், பிகின் மாதிரி சில சொற்களுக்குப் பெரும்பாலும் எதைப் போட்டாலும் சரி. ஆனால் ‘வுட் லைக்’ என்று வந்தால் ‘டு’ மட்டும்தான்.

அர்த்தமே மாறுமிடம்

வீட்டைப் பூட்டிட்டு பஸ் ஏறியாச்சு. அப்போ ஒரு சந்தேகம்… கேஸ்?

“ஐ ஃபர்காட் டு டர்ன் ஆஃப் தி கேஸ்” என்றால், அணைக்க மறந்துட்டேன். உடனே இறங்கி ஓடணும்! “ஐ ரிமெம்பர் டர்னிங் ஆஃப் தி கேஸ்” என்றால், அணைச்சது ஞாபகம் இருக்கு. நிம்மதியா உட்காரலாம். அதையே “ரிமெம்பர் டு டர்ன் ஆஃப் தி கேஸ்” என்றால், மறக்காம அணைச்சிடு என்று சொல்வது. ரிமெம்பர், ஃபர்கெட் இரண்டுக்கும் இதுதான் கணக்கு: செய்ய வேண்டியதற்கு ‘டு’, செய்து முடித்ததற்கு ‘இங்’.

நம்ம காது ஏமாறுமிடம்

‘உங்களைச் சந்திக்க ஆவலா இருக்கேன்’. இதை அப்படியே மாத்தி, வேலைக்கு அனுப்பும் மெயிலில் “லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ” என்று எழுதுகிறோம். தப்பு. “லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ” என்பதே சரி. இங்கே வரும் ‘டு’, இன், ஆன், ஃபார் மாதிரி ஒரு ப்ரிபொசிஷன்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? ‘டு’வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்க. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு தி இன்டர்வியூ’ சரியா வருது. அப்போ ‘இங்’ போடணும். ‘ஐ வான்ட் டு தி இன்டர்வியூ’ வரவே வராது. அங்கே வினைச்சொல்லை அப்படியே போடுங்க.

ப்ரிபொசிஷன் எதுவானாலும் பின்னால் ‘இங்’தான்: குட் அட் குக்கிங், தேங்க்யூ ஃபார் ஹெல்ப்பிங், வித்அவுட் ஆஸ்கிங்.

‘சாப்பிட்டு முடிச்சேன்’, ‘போகலாம்னு சொன்னார்’. இந்த இரண்டிலும் தமிழ் உதவாது. ஃபினிஷ்டு ஈட்டிங், சஜஸ்டட் கோயிங் என்று மனசில் பதிய வெச்சுக்கோங்க. ‘சஜஸ்டட் டு கோ’ வேண்டாம்.

இப்போ உங்க டர்ன்!

1. சமைக்கிறதை நிறுத்திட்டு, போன் பேச நின்னேன்.
2. சாவி கொடுத்தது ஞாபகம் இருக்கு.
3. சீக்கிரம் எழுந்திருப்பது எனக்குப் பழகிடுச்சு.

விடைகள்: ஐ ஸ்டாப்டு குக்கிங் டு டாக் ஆன் தி போன். ஐ ரிமெம்பர் கிவிங் தி கீ. ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அப் ஏர்லி.

மூணாவதில் ‘ஆம்’ விட்டுட்டு, “ஐ யூஸ்டு டு வேக் அப் ஏர்லி” என்று சொல்லிடாதீங்க. ‘முன்னாடியெல்லாம் சீக்கிரம் எழுந்திருப்பேன், இப்போ இல்லை’ என்று ஆகிடும்!