திரை சொன்னது கேபிளில் தொலைந்தது

மெய்யெழுத்தின் புள்ளியில்தான் கோளாறு முதலில் கண்ணில் பட்டது. 'க்' தலைமேல் தனியாக நிற்கவேண்டிய புள்ளி எழுத்தோடு அப்பிக் கிடந்தது. வட்டமாக இருக்கவேண்டியதெல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்ட முட்டை மாதிரி தெரிந்தது. புதிதாக லினக்ஸ் நிறுவிய வீட்டுக் கணினி. மானிட்டரோ 1920 × 1080 பிக்சல் கொண்டது. டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் 1024 × 768-க்கு மேல் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. "லினக்ஸ்னாலே இப்படித்தாங்க" என்றார் வந்திருந்த நண்பர். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

கணினி எந்தத் திரையையும் தானாக அளந்து பார்ப்பதில்லை. திரைதான் தன்னைப் பற்றிச் சொல்கிறது. மானிட்டருக்குள் இருக்கும் சின்ன நினைவகச் சில்லில் 128 பைட் அளவுக்கு ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி, தயாரித்த ஆண்டு, திரையின் அகலம் உயரம், அதற்கு உகந்த ரெசல்யூஷன் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இதற்கு ஈடிஐடி என்று பெயர். வேசா அமைப்பு 1994-இல் வகுத்த முறை இது. கேபிளைச் செருகியதும் லினக்ஸின் மையமான கெர்னல் இந்தக் குறிப்பைத்தான் கேட்கிறது. பதில் வராவிட்டால், பெரும்பாலான திரைகள் தாங்கக்கூடிய அளவாக 1024 × 768-ஐ எடுத்துக்கொள்கிறது.

பதில் எங்கே தொலைகிறது? விஜிஏ கேபிளின் முனையில் மூன்று வரிசையாக 15 பின்கள். நிறங்கள் 1, 2, 3 வழியாகப் போகின்றன. படத்தை நிலைநிறுத்தும் சிங்க் சைகைகள் 13, 14 வழியாக. ஈடிஐடி வருவதோ மூன்றாவது வரிசையிலுள்ள 12, 15 வழியாக. மலிவான கேபிள்கள் சிலவற்றில் இந்த இரண்டுக்கும் உள்ளே கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். படம் வரும், நிறமும் சரியாக இருக்கும். ஆனால் தான் யாரென்று சொல்லத் திரைக்கு வழியிருக்காது. என் கேபிளில் 12-ஆம் பின் வளைந்து படுத்துக் கிடந்தது. (9-ஆம் பின் பல கேபிள்களில் இருக்காது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.) ஒரே மானிட்டரை இரண்டு கணினிகளுக்குப் பகிரும் கேவிஎம் பெட்டிகளும், சில மாற்றிகளும் இதே தகவலை விழுங்கிவிடுவதுண்டு.

சந்தேகமிருந்தால் கெர்னலிடமே கேட்கலாம். சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம். அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் அடைவும் அதில் ஈடிஐடி என்ற கோப்பும் இருக்கும். எல்எஸ் கட்டளை அதன் அளவை 0 என்றே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். கேட் கட்டளையால் படித்து, டபிள்யூசி-யால் பைட்டுகளை எண்ணுங்கள். 128 அல்லது, கூடுதல் தொகுதி இருந்தால், 256 என்று வந்தால் திரை பேசியிருக்கிறது. படித்தும் 0 வந்தால் பேச்சே வந்து சேரவில்லை.

பேசும் திரையும் சில சமயம் தப்பாகச் சொல்லும். 128 பைட்டையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பது விதி. முதல் எட்டு பைட்டும் அடையாளத் தலைப்பு. அதில் ஆறு சரியாக இருந்தாலே போதும், மிச்சத்தைக் கெர்னல் திருத்திக்கொள்ளும். மில்லிமீட்டரில் எழுதவேண்டிய திரை அளவைச் சென்டிமீட்டரில் எழுதிவைத்த மானிட்டர்களுக்கென்றே கெர்னலில் தனித் திருத்தம் உண்டு. 1366 × 768 திரைகளின் கதை இன்னும் சுவையானது. ஈடிஐடியின் சுருக்கப் பட்டியலில் அகலத்தை எட்டின் மடங்காக மட்டுமே எழுத முடியும். 1366 எட்டால் வகுபடாது. அதனால் 1368 × 769 என்று வந்தால், 1366 × 768-ஐத்தான் சொல்ல வருகிறது என்று கெர்னல் புரிந்துகொள்கிறது. யாரோ ஒருவர் தன் மேசையில் இதே கோளாறோடு மல்லுக்கட்டி எழுதிச் சேர்த்த வரிகள் இவை. லினக்ஸைக் குறை சொல்லும்போது இந்த உழைப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டளையால் கட்டாயப்படுத்தவும் வழியுண்டு. டெர்மினலில் சிவிடி 1920 1080 60 என்று கொடுத்தால் ஒரு மோட்லைன், அதாவது திரைக்கான நேர அளவுகளின் வரி, கிடைக்கும். அதை எக்ஸ்ரேண்ட்ஆர் கட்டளையின் நியூமோட், ஆட்மோட் தெரிவுகளால் சேர்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மோட்லைன் கேட்கும் பிக்சல் வேகம் 173 மெகாஹெர்ட்ஸ். ஒற்றை இணைப்பு டிவிஐ கேபிளின் வரம்பு 165. சிவிடியோடு ஆர் தெரிவைச் சேர்த்தால் 138.5-க்கு இறங்கிவிடும். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் இந்த வித்தை எடுபடாது. அங்கே கணினியைத் தொடக்கும் கிரப் மூலம் கெர்னலுக்கு வீடியோ அளவுருவைக் கொடுக்க வேண்டும். நிறுவும்போது போட்ட நோமோட்செட் என்ற அளவுரு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் தன் வேலையைத் தொடங்கவே தொடங்காது.

எனக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. வேறு கேபிள் மாட்டியதும் 1920 × 1080 தானாகவே வந்து நின்றது. உங்கள் திரையும் 1024 × 768-லேயே நின்றுபோனால், கட்டளை எதையும் தட்டுவதற்கு முன் கேபிளைக் கழற்றி மூன்றாவது வரிசைப் பின்களைப் பாருங்கள்.