தோட்டமும் தோட்டத்து மக்களும்

'தோட்டம்' என்ற சொல்லுக்கு ஊவா மாகாணத் தமிழ் மாணவர் இரண்டு பொருள் கொள்வர். பூவும் காயும் தரும் வீட்டுத்தோட்டம் ஒன்று. பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய இடங்களில் மலைச்சரிவெங்கும் பரந்துள்ள தேயிலைத் தோட்டம் மற்றையது. மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான உணர்வுத் தொடர்பு பற்றிப் பரீட்சையில் எழுதும் மாணவர் பலர், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியில் தொடங்கிப் பூந்தோட்ட வருணனையில் முடித்துவிடுகின்றனர். கண்ணெதிரே உள்ள சான்று விடுபட்டுப் போகின்றது.

உயிருள்ளவற்றின் மீதான நாட்டம் மனிதரின் பிறவி இயல்பு என்று அமெரிக்க உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1984இல் வெளியிட்ட நூலில் கூறினார். மலையகத்தில் அந்நாட்டம் உழைப்பினூடாக வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும், 1869 முதல் பரவிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். தேயிலைச்செடி பல பத்தாண்டுகள் வாழும். எனவே பாட்டி நட்ட செடியில் பேத்தி கொழுந்து பறிப்பது இங்கு புதுமையன்று. செடிகளை வெட்டும் கவ்வாத்து வேலைக்கும் 'கவ்வாத்துச்சாமி' என்றொரு காவல் தெய்வத்தை இம்மக்கள் வைத்துள்ளனர்.

ஆயினும் அச்செடி அவர்களுடையதன்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகள் அவற்றை நிர்வகிக்கின்றன. தொழிலாளிக்குக் கிடைத்தது லயத்தில் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான ஒரு காம்பரா மட்டுமே. அதன் முன்னும் பின்னும் உள்ள துண்டு நிலத்தில்தான் போஞ்சி, கோவா, சவ்சவ் பந்தல், கறிவேப்பிலை, இஸ்தோப்பு ஓரத்தில் டேலியா எல்லாம். நாள் முழுவதும் பிறருக்காகக் கொழுந்து பறித்தவர், மாலையில் தமக்கென மண் கொத்தும் இடம் அது.

இப்பற்றை ஆராயும்போது மீரியபெத்தையை மறத்தலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மண்பற்றினாலேயே மக்கள் வெளியேறவில்லை என எழுதுவது எளிது. ஆனால் அது பாதி உண்மைதான். வெளியேறிச் செல்வதற்கு அவர்கள் பெயரில் வேறொரு காணித்துண்டு இருக்கவில்லை. இயற்கையோடு உறவு உண்டு, உரிமை இல்லை என்ற நிலையில் அவ்வுறவே உயிருக்கு ஆபத்தாகவும் முடிகின்றது.

அனர்த்தத்தில் தப்பியோருக்குப் பின்னர் வேறிடத்தில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. தனிவீட்டுத் திட்டங்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்பது அளவாக இருந்தது. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவித் திட்டத்தில் கட்டப்படும் வீடு 550 சதுர அடி. படிக்கும் பாதைக்கும் போக எஞ்சும் நிலத்தில் ஒரு போஞ்சிப் பாத்தி போடலாம், வாசலில் டேலியாவும் வைக்கலாம்.