சவலாப்பேரிக்குச் சேர வேண்டியது

2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படை (சிஆர்பிஎஃப்) வாகனங்கள் மீது நடந்த தற்கொலைத் தாக்குதலில் 40 வீரர்கள் உயிரிழந்தனர். இருவர் தமிழர். ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியின் சிவச்சந்திரன்; மற்றவர் கோவில்பட்டி வட்டாரத்தில், கயத்தாறு அருகே உள்ள சவலாப்பேரியின் சுப்பிரமணியன். இரு குடும்பங்களுக்கும் தலா 20 லட்சம் ரூபாயும், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது.

சீருடை போட்டு வடக்கே போன எல்லாரையும் சவலாப்பேரி போன்ற கரிசல் கிராமங்களில் பட்டாளத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதி தரைப்படை, கடற்படை, விமானப்படையில் இருந்து வந்தவர்களுக்கே உரியது. அவர்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆட்கள். சிஆர்பிஎஃப், எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. ஒரே மலைச்சாலையில் காவல் நின்ற இருவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பினால், ராணுவத்துக்காரருக்கு ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டமும் உண்டு. சிஆர்பிஎஃப்காரருக்கு இரண்டும் இல்லை. 2004 ஜனவரி 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தால் பழைய ஓய்வூதியமும் கிடையாது. இவர்களும் நாட்டின் ஆயுதப் படையினரே, பழைய ஓய்வூதியம் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்ய, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

களத்தில் உயிர் போனால் மட்டும் இந்த வேறுபாடு பெரிதும் குறைந்துவிடுகிறது. கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு இணையான ஓய்வூதியம் சிஆர்பிஎஃப் குடும்பத்துக்கும் உண்டு. அது நியாயம். உயிரோடு திரும்பியவரைத் தள்ளி நிறுத்துவதில்தான் நியாயம் தெரியவில்லை.

இந்தக் கரிசல் மண்ணில் பட்டாளச் சம்பளத்தின் அருமை தனி. வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம் போடுகிற மானாவாரிக் காடு இது. மழை ஏமாற்றினால் தீப்பெட்டி ஆபீஸ் கூலிதான். மாதம் தவறாமல் வருகிற பட்டாளச் சம்பளத்தை நம்பித்தான் வீடு கட்டக் கடன் வாங்குகிறார்கள், தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மகன் போய்விட்டால் குடும்ப ஓய்வூதியம் முதலில் மனைவிக்குப் போகும். காப்பீடு போன்ற தொகைகளில் பெற்றோருக்கு என்ன கிடைக்கும் என்பது அவர் எழுதிக் கொடுத்த நியமனப் படிவத்தைப் பொறுத்தது. விடுப்பில் வருகிறவர்கள் அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை; பேச மனம் வராது. ஆனாலும் பேசிவிட வேண்டும்.

ராணுவக் குடும்பங்களுக்கு உதவித்தொகை, சான்றிதழ், ஓய்வூதியச் சிக்கல் எல்லாவற்றுக்கும் முதல் வாசல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். 1949 முதல் டிசம்பர் 7-இல் திரட்டப்படும் கொடிநாள் நிதியும் இவர்களுக்காகத்தான். சிஆர்பிஎஃப் குடும்பங்கள் அணுக வேண்டியது உள்துறையின் நலன் மற்றும் மறுவாழ்வு வாரியத்தை. பிரதமரின் கல்வி உதவித்தொகை இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் உண்டு: மாதம் பெண்ணுக்கு 3,000, ஆணுக்கு 2,500 ரூபாய். இது தெரியாமலே படிப்பை முடித்துவிடும் பிள்ளைகள் இருக்கக் கூடாது. சிஆர்பிஎஃப் போன்ற துணை ராணுவப் படைகளில் உயிர் கொடுத்தவர்களின் குடும்பத்துக்குப் பணம் தர விரும்புகிறவர்கள், 2017-இல் தொடங்கிய ‘பாரத் கே வீர்’ இணையதளம் வழியாக நேரடியாகச் செலுத்தலாம்.

அடுத்த கேள்வி பக்கத்தில் வந்துவிட்டது. முப்படைகளுக்கு ஆள் எடுக்க 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் நான்கு ஆண்டுப் பணி 2026 இறுதியிலிருந்து முடியத் தொடங்குகிறது. நால்வரில் ஒருவர் வரையே படையில் நீடிக்க முடியும். மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு திரும்புவார்கள். ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க, 30 சதவீத மூலதன மானியத்தோடு ஒரு கோடி ரூபாய் வரை கடன் தரும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தை 2025-இல் தமிழக அரசு தொடங்கியது. இருபதுகளிலேயே ஊர் திரும்பப்போகும் இந்தப் பிள்ளைகளுக்கும் அதற்கு நிகரான ஓர் ஏற்பாட்டை, முதல் அணி வந்து இறங்குவதற்கு முன்பே அரசு செய்துவைக்க வேண்டும்.